கீபோர்டு யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பகுதி ஒரே புலம்பல்: கம்பியில்லாத கீபோர்டு டேப்லெட்டோடு சேரவில்லை. குன்னூரில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. லோயர், ஹையர் தேர்வுக்குப் பயில வரும் பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து, "மேடம், இதையும் கொஞ்சம் பாருங்கள்" என்று நீட்டுவது வழக்கமாகிவிட்டது. கெட்டுப்போனது என்று மூலையில் போடப்படும் கீபோர்டுகளில் பல கெட்டவையே அல்ல. வேறு ஏதோ ஒரு கருவியோடு உறவு வைத்துக்கொண்டு, உங்களைக் கவனிக்காமல் இருக்கின்றன. எனவே எந்தக் கேள்விக்கும் முன்னால், அது இப்போது யாரோடு இணைந்திருக்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

கேள்வி: படுகு மொழிப் பழமொழிகளைத் தொகுத்து வருகிறேன். திரையைத் தொட்டுத் தொட்டு எழுதி விரல் வலிக்கிறது என்றதும், பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு புளூடூத் கீபோர்டு அனுப்பினான். அவனிடம் நன்றாக வேலை செய்ததாம். இங்கே என் டேப்லெட்டில் பல நேரம் அதன் பெயரே வருவதில்லை. ஒருமுறை வந்தது, ஏதோ எண் கேட்டது. 0000 என்று தொட்டுப் பார்த்தேன். இணையவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கோத்தகிரி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொன்னது உண்மை, கீபோர்டும் நன்றாகத்தான் இருக்கிறது. அவர் அதைத் தன் மடிக்கணினியோடு இணைத்துப் பார்த்திருப்பார். புளூடூத் கீபோர்டு ஒருமுறை இணைந்துவிட்டால் அந்தக் கருவியின் அடையாளத்தையும் ரகசியச் சாவியையும் தன்னுள் சேமித்துக்கொள்ளும். அடுத்த முறை சுவிட்சைப் போட்டதும் அந்த மடிக்கணினியைத்தான் தேடும். அது பெங்களூரில் இருக்கிறது என்பது கீபோர்டுக்கு எப்படித் தெரியும்? புதியவர்களுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும்.

அதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். சிலவற்றில் அடிப்பக்கத்தில் 'கனெக்ட்' என்று எழுதிய சிறு பொத்தான். சிலவற்றில் எஃப்என் விசையோடு புளூடூத் சின்னம் உள்ள இன்னொரு விசை. விளக்கு வேகமாக மின்னத் தொடங்கும்வரை அழுத்திப் பிடியுங்கள். சும்மா தட்டிவிட்டு எடுத்தால் ஒன்றும் நடக்காது. பல கீபோர்டுகளில் மெதுவாக மின்னினால் பழைய தோழரைத் தேடுகிறது என்றும், வேகமாக மின்னினால் புதியவருக்காகக் காத்திருக்கிறது என்றும் பொருள். இந்த வேக மின்னல் நடக்கும்போதே டேப்லெட்டின் செட்டிங்ஸில் புளூடூத்தைத் திறந்து, புதிய கருவியைச் சேர்க்கும் வரியைத் தொடுங்கள். பெயர் வந்துவிடும்.

இனி அந்த எண். நீங்கள் தடுக்கி விழுந்த இடம் இதுதான். பலரும் இங்கேதான் விழுகிறார்கள். டேப்லெட் திரையில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். அதைத் திரையில் தொடக் கூடாது. புதிய கீபோர்டில் அடித்து, எண்டர் விசையையும் தட்ட வேண்டும். கீபோர்டில் அடிக்கும்போது திரையில் எதுவுமே தெரியாமல் இருக்கலாம். தயங்காமல் ஆறு இலக்கத்தையும் அடித்து முடியுங்கள். எதற்கு இந்தச் சடங்கு? பக்கத்து வீட்டுக்காரர் கருவி எதுவும் நடுவில் புகுந்து நீங்கள் அடிப்பதை ஒட்டுக் கேட்காமல் இருக்கத்தான். வங்கிக் கடவுச்சொல்லையும் நாளைக்கு இதே கீபோர்டில்தானே அடிக்கப் போகிறீர்கள். நாலு சுழி அடிப்பதெல்லாம் பழைய வழக்கம். 2007-இல் வந்த புளூடூத் 2.1-க்குப் பிறகு இணைக்கும் முறையே மாறிவிட்டது. சில கீபோர்டுகள் எண்ணே கேட்காமல் இணைந்துவிடும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

நடுவில் ஏதாவது தவறினால் மேலே மேலே முயலாதீர்கள். டேப்லெட்டின் பட்டியலில் கீபோர்டின் பெயர் அரைகுறையாகப் பதிந்திருக்கும். அதைத் தொட்டு 'ஃபர்கெட்' கொடுத்து நீக்கிவிட்டு, கீபோர்டை அணைத்துப் போட்டு, முதலிலிருந்து தொடங்குங்கள். பழமொழித் தொகுப்பு முடிந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும். இது கட்டணம்.

கேள்வி: கடையில் 'வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ்' என்று ஒரே பெட்டியில் வாங்கினேன். டேப்லெட்டில் புளூடூத்தை எவ்வளவு நேரம் தேடவிட்டாலும் காட்டவில்லை.
— கல்லூரி மாணவர், வெலிங்டன்

பதில்: காட்டாது தம்பி. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் புளூடூத் இல்லை. கம்பி இல்லாததெல்லாம் புளூடூத் என்று நினைத்துவிடுகிறோம். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பேசுகின்றன. ஆனால் பாஷை வேறு. பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், அல்லது மவுஸின் வயிற்றில் தேடுங்கள். விரல்நகம் அளவில் ஒரு யுஎஸ்பி துண்டு செருகியிருக்கும். டாங்கிள் என்று கடைக்காரர் சொல்வார். அது இந்தக் கீபோர்டுக்கென்றே தொழிற்சாலையில் இணைத்துவிடப்பட்டது.

அதை டேப்லெட்டில் செருக ஓர் ஓடிஜி இணைப்பி வேண்டும், அதாவது சார்ஜ் துளையில் யுஎஸ்பி கருவியைப் பொருத்தித் தரும் சிறு துண்டு. சார்ஜ் போடும் துளை டைப்-சி ஆக இருந்தால் அதற்கேற்றது, பழைய மைக்ரோ யுஎஸ்பி என்றால் அதற்கேற்றது. வாங்குவதற்கு முன் நண்பரின் இணைப்பியில் ஒரு பென் டிரைவைப் போட்டு டேப்லெட் படிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் ஓடிஜியை செட்டிங்ஸில் தனியாகத் திறந்துவிட வேண்டும். கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் அதுவே மூடிக்கொள்ளவும் செய்யும். சாதாரண இணைப்பியாக இருந்தால் கீபோர்டு செருகியிருக்கும்போது சார்ஜ் போட முடியாது. டாங்கிளைத் தொலைத்துவிட்டால் பல மாடல்களில் கீபோர்டும் போன மாதிரிதான். கடைக்காரர் மாற்றித் தருவார் என்றால், புளூடூத் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பதாகப் பார்த்து மாற்றிக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது.

கேள்வி: தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் வேலை. டேப்லெட்டில் எழுதும் இடத்தைத் தொட்டால் வழக்கமாகக் கீழே விரியும் எழுத்துப் பலகை நேற்றிலிருந்து வருவதில்லை. வைரஸா?
— கூடலூர்

பதில்: வைரஸ் இல்லை. உங்களிடம் புளூடூத் கீபோர்டு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கிறது. பையிலோ, இலைக் கணக்கு நோட்டுகளுக்கு அடியிலோ, ஏதோ ஒரு விசை அமுங்கியபடி விழித்துக்கொண்டு, டேப்லெட்டோடு இணைந்தே கிடக்கும். உண்மையான கீபோர்டு வந்துவிட்டது, இனி நான் எதற்கு என்று திரைப் பலகை ஒதுங்கிவிடுகிறது. தேடி எடுத்து அதன் சுவிட்சை அணையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'பிசிக்கல் கீபோர்டு' என்ற பகுதியில் திரைப் பலகையையும் காட்டச் சொல்லும் தேர்வு இருக்கிறது. அதைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: தங்கும் விடுதி நடத்துகிறேன். 2024 மே மாதம் மலைக்கு இ-பாஸ் வந்ததிலிருந்து, விருந்தினர் பெயர், வண்டி எண் எல்லாவற்றையும் டேப்லெட்டில்தான் பதிகிறேன். மார்கழி, தை மாதக் காலைகளில் கீபோர்டு மக்கர் செய்கிறது. சில எழுத்துகள் விழுவதில்லை. சில எழுத்துகள் வரிசையாகப் பத்து விழுகின்றன. மதியம் ஆனால் சரியாகிவிடுகிறது.
— கொடைக்கானல்

பதில்: மதியம் சரியாகிறது என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரி போதும். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். பாதி தீர்ந்த அல்கலைன் செல் இன்னும் சோர்ந்து போகும். வெயில் ஏறியதும் கொஞ்சம் உயிர் வரும். எழுத்து ஏன் பத்து விழுகிறது என்றால், விசையை அழுத்தியதும் ஒரு செய்தி போகிறது, விரலை எடுத்ததும் இன்னொரு செய்தி போகிறது. இரண்டாவது செய்தி வழியில் தொலைந்தால், நீங்கள் இன்னும் அழுத்திக்கொண்டே இருப்பதாக டேப்லெட் நினைத்துக்கொள்ளும்.

புதிய செல்களைப் போடுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று கலக்காதீர்கள். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் செல் புதிதாக இருந்தாலும் 1.2 வோல்ட்தான், 1.5 வோல்ட்டை எதிர்பார்க்கும் சில கீபோர்டுகள் அதைப் பார்த்ததுமே பேட்டரி தீர்ந்தது என்று எச்சரிக்கும். மூடியைத் திறக்கும்போது முனைகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். செல் கசிந்த அடையாளம் அது. பஞ்சில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு செல் போடுங்கள். வெறுங்கையால் அந்தப் பொடியைத் தொட வேண்டாம். சீசன் முடிந்து விடுதியை மூடும்போது செல்களைக் கழற்றி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

வரவேற்பு மேஜையில் வைஃபை ரௌட்டரும் பக்கத்திலேயே இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ரௌட்டரைத் தள்ளி வையுங்கள், அல்லது டேப்லெட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். இன்னொன்று: வெளியே பனியில் இருந்த கீபோர்டை நேராகக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு வந்து ஈரம் உலரும்வரை விட்டுவைத்து எடுங்கள்.

கேள்வி: நானும் ஒரு காலத்தில் தமிழ்த் தட்டச்சர். மகள் ஐபேடும் கீபோர்டும் வாங்கித் தந்திருக்கிறாள். இணைந்துவிட்டது, ஆங்கிலம் ஓடுகிறது. தமிழ் அடிக்க முடியுமா? விசைகளில் தமிழ் எழுத்தே இல்லையே?
— பண்ணைக்காடு

பதில்: ஐயா, தட்டச்சர் விசையைப் பார்த்தா அடிப்பார்? எங்கள் பயிலகத்தில் யாராவது குனிந்து விசையைப் பார்த்தால் கையின்மேல் ஒரு துணியைப் போட்டுவிடுவேன்.

ஐபேடில் தமிழ் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் கீபோர்டு, அதற்குள் கீபோர்ட்ஸ், அதற்குள் புதிய கீபோர்டு சேர்க்கும் வரி. தமிழைத் தேர்ந்தெடுத்தால் 'தமிழ் 99', 'அஞ்சல்' என்றெல்லாம் வரும். அஞ்சல் ஆங்கில ஒலியைப் பார்த்துத் தமிழாக்குவது. அது உங்களுக்கு வேண்டாம். பத்து விரலுக்குப் பழகியவருக்கு அது அவமானம். தமிழ் 99-ஐச் சேருங்கள். பிறகு கன்ட்ரோலும் ஸ்பேஸ் பாரும் சேர்த்துத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறும்.

பழைய தட்டச்சுப் பொறியின் பலகை இது இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டி வந்து, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. நாம் பொறியில் 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று தட்டு தட்டினோம். இதில் க, ஒ என்று இரண்டே தட்டு. சொல்லும் வரிசையில் அடித்தால் போதும். நடு வரிசையில் இடது கைக்கு அ, இ, உ, புள்ளி, எ. வலது கைக்கு க, ப, ம, த, ந. உயிர் இடது பக்கம், மெய் பெரும்பாலும் வலது பக்கம் என்று பிரித்திருப்பதால் இரண்டு கையும் மாறி மாறி நடக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி விதி. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். 'அம்மா' என்பது அ, ம, ம, ஆ. ங–க, ஞ–ச, ண–ட, ந–த, ம–ப, ன–ற என்று இனம் சேர்ந்து வந்தாலும் அப்படியே. 'தங்கம்' என்பதற்கு த, ங, க, ம, கடைசியில் மட்டும் புள்ளி விசை. கொம்பை முதலில் தேடும் பழக்கம் உங்கள் விரலை விட்டுப் போகச் சில வாரம் ஆகும். அதுவரை எரிச்சலாக இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மகள் வாங்கிய கீபோர்டு மடக்குவதாகவோ மிகக் குறுகலாகவோ இருந்தால் இந்தப் பாடு இரட்டிப்பாகும். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் இருப்பதுதான் வழக்கமான முழு அளவு. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அதைவிட நன்றாகக் குறைந்தால் பழகிய விரல் பக்கத்து விசையில்தான் விழும்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்போர் சிலரும் இதையே கேட்டிருக்கிறார்கள். 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1-இலிருந்தே வெளிக் கீபோர்டுக்கான எழுத்தமைப்பைச் செயலிகள் வழியாகச் சேர்க்க முடியும். சேர்த்தபின் 'பிசிக்கல் கீபோர்டு' பகுதியில் அதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். திரையில் தமிழ் வருகிறதே என்று நம்பி உட்கார்ந்தால், வெளிக் கீபோர்டு தன்பாட்டுக்கு ஆங்கிலம் அடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: நான் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் அண்ணனின் போனுக்குப் போய்விடுகின்றன. அவன் நண்பர்களுக்கு என் வரலாற்றுப் பாடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.
— பிளஸ் டூ மாணவி, மஞ்சூர்

பதில்: அந்த நண்பர்கள் தேர்வில் தேறட்டும். அண்ணன் முதலில் இணைத்திருக்கிறார். கீபோர்டு விழித்ததும் அவர் போனைப் பிடித்துக்கொள்கிறது. அவர் போனில் 'ஃபர்கெட்' கொடுக்கச் சொல்லி, பிறகு உன் டேப்லெட்டோடு புதிதாக இணைத்துக்கொள். இருவருக்கும் வேண்டும் என்றால், லாஜிடெக் கே380 போல மூன்று கருவிகளை நினைவில் வைக்கும் வகை இருக்கிறது. எஃப்1, எஃப்2, எஃப்3 மூன்றும் மூன்று பேருக்கு. உன் விசையைத் தட்டினால் உன்னிடம் வரும், அவர் விசையைத் தட்டினால் அவரிடம் போகும். அப்போதும் எழுதத் தொடங்கும் முன் யார் விசை என்று பார்த்துக்கொள்.

கேள்வி: @ விசையைத் தட்டினால் மேற்கோள் குறி வருகிறது, மேற்கோள் குறியைத் தட்டினால் @ வருகிறது. மின்னஞ்சல் முகவரி அடிக்கவே முடியவில்லை.
— உதகை

பதில்: டேப்லெட் உங்கள் கீபோர்டை பிரிட்டிஷ் வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அமைப்பில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கும். இந்தியக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அமெரிக்க அமைப்பு. 'பிசிக்கல் கீபோர்டு' பகுதியில் கீபோர்டின் பெயரைத் தொட்டு 'இங்கிலீஷ் யுஎஸ்' என்று மாற்றுங்கள். ஒருவேளை 3 விசையின் தலையில் பவுண்டு குறி அச்சிட்டிருந்தால் உங்களிடம் இருப்பது உண்மையிலேயே பிரிட்டிஷ் கீபோர்டு. அப்படியானால் செட்டிங்ஸைத் தொடாமல், பழக்கத்தில் 2 விசைக்குப் போகாமல், விசையில் @ எங்கே அச்சிட்டிருக்கிறதோ அங்கே தட்டுங்கள்.