20 டாலர் நோட்டில் ஒரு கைதி

கேள்வி: ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருப்பவர், குதிரை திருடியதற்காக இங்கிலாந்திலிருந்து நாடு கடத்தப்பட்ட பெண்ணாமே! அங்கே போய்ப் பெரிய பணக்காரி ஆனாராம். அப்படிப் பார்த்தால் நாடு கடத்தல் அந்தப் பெண்களுக்கு வரம்தானே?

பதில்: லாட்டரியில் முதல் பரிசு விழுந்தவரை மட்டும் பார்த்துவிட்டு லாட்டரியையே மெச்சுகிறீர்களே!

அவர் பெயர் மேரி ரெய்பி. 1791-ல் பிடிபட்டபோது வயது 14. பையன் வேடம் போட்டு, ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில் திரிந்துகொண்டிருந்தார். 7 ஆண்டு தண்டனை. மறு ஆண்டு அக்டோபரில் சிட்னி. பிறகு தாமஸ் ரெய்பி என்பவரோடு கல்யாணம். 1811-ல் அவர் இறந்தபோது மேரியின் கையில் 7 பிள்ளைகளும் கப்பல் வியாபாரமும் இருந்தன. வியாபாரத்தை ஒற்றை ஆளாக நடத்திப் பெருக்கினார். கெட்டிக்காரிதான், மறுக்கவில்லை.

சரி, மற்றவர்கள்? ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட பெண்கள் சுமார் 25,000 பேர். பெரும்பாலானோர் செய்தது சில்லறைத் திருட்டு. வேலை பார்த்த வீட்டில் துணிமணி எடுத்தவர்களும் அதில் உண்டு. போய் இறங்கியதும் யாரோ ஒருவர் வீட்டில் சம்பளமில்லாத வேலை. எதிர்த்துப் பேசினாலோ ஓடிப்போனாலோ பெண்கள் சிறைக்கூடம். அதற்கு ‘ஃபேக்டரி’ என்று பெயர். நூல் நூற்பதும் துணி வெளுப்பதும் அங்கே வேலை. டாஸ்மேனியா தீவின் ஹோபார்ட்டில் இருந்த கேஸ்கேட்ஸ் ஃபேக்டரியில் கடைசி வகுப்பான தண்டனை வகுப்புக் கைதிகளின் சட்டை முதுகிலும் கையிலும் பாவாடைப் பின்புறத்திலும் மஞ்சள் நிறத்தில் பெரிய ஆங்கில ‘சி’ (C) எழுத்து. தண்டனையாகத் தலைமுடியை ஒட்ட வெட்டுவார்கள். அந்தப் பெண்கள் மிக அஞ்சியது இதற்குத்தான்.

வேலை செய்யும் வீட்டில் கர்ப்பமானால் திரும்பவும் ஃபேக்டரிதான். காரணம் வீட்டு எஜமானனாகவே இருந்தாலும் தண்டனை அவளுக்கு. குழந்தை பால் மறந்ததும் தாயைப் பிரித்துத் தண்டனை வகுப்பில் போட்டார்கள். நெரிசலான குழந்தைகள் அறையில் செத்துப்போன பிள்ளைகள் ஏராளம். பிழைத்தவை கொஞ்சம் வளர்ந்ததும் அநாதைப் பள்ளிக்குப் போயின, தாய் உயிரோடிருக்கும்போதே!

தண்டனை முடிந்தால் ஊர் திரும்பலாமே என்பீர்கள். சட்டம் தடுக்கவில்லை, கப்பல் கட்டணத்தை அரசு தராது, அவ்வளவுதான். ஆணாக இருந்தால் கப்பலில் மாலுமி வேலை பார்த்தாவது ஊர் போய்ச் சேரலாம். பெண்ணுக்கு அந்த வழியும் கிடையாது.

மேரியால் முடிந்தது. கையில் காசு இருந்தது. 1820-ல் மகள்களோடு இங்கிலாந்து போய்விட்டு மறு ஆண்டு திரும்பினார். அப்புறம் 1828-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கைதியாக வந்தவரா, சுதந்திரமாக வந்தவரா என்ற கேள்விக்கு அவர் தந்த பதில்: ‘1821-ல் சுதந்திரமாக வந்தேன்.’ 1792-ஐப் பற்றிப் பேச்சே இல்லை. நீங்கள் வரம் என்கிறீர்கள். வாங்கியவரோ அதை மறைத்துவிட்டார்.