ஒரே விஎஸ் கோடில் பைத்தான் 3.8, 3.12 இரண்டையும் வைத்து வேலை செய்வது எப்படி?

பழைய ப்ராஜெக்ட் 3.8-இல், புதியது 3.12-இல், இரண்டும் உங்கள் தலையில் என்று நினைக்கிறேன். எங்கள் டீமிலும் அதே நிலைமைதான். விஎஸ் கோடு எடிட்டரின் பொது செட்டிங்ஸில் பைத்தான் பாதையை எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளும் அதற்குரிய வெர்ஷனைக் கொண்டே ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (அந்த ப்ராஜெக்டுக்கு மட்டுமான தனி பைத்தான் சூழல்) உருவாக்கி, எந்த பைத்தானைக் கொண்டு கோடை ஓட்டுவது என்று கேட்கும் 'செலக்ட் இன்டர்பிரெட்டர்' கட்டளையில் அதைத் தேர்ந்தெடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், 3.8-இல் ஓடும் சர்வீஸில், மதிப்பைப் பொறுத்துக் கிளை பிரியும் மேட்ச்-கேஸ் எழுதியிருந்தார். அது 3.10-இல்தான் பைத்தானுக்குள் வந்தது. அவருடைய எடிட்டர் 3.12-ஐப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை. டெஸ்டும் அதே 3.12-இல் ஓடி பாஸ் ஆகிவிட்டது. சர்வரில் ஃபைலை லோட் செய்யும்போதே சின்டாக்ஸ் எரர். அந்த ஃபைலில் இருந்த மற்ற ஃபங்ஷன்களும் சேர்ந்தே படுத்துவிட்டன.

கோடை மாற்றும்போதெல்லாம் தானாகவே டெஸ்ட் ஓட்டும் சிஐ பிடித்திருக்குமே என்று கேட்பீர்கள். சிஐயும் 3.12-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அறிக்கையில் என்ன எழுதினார்கள் தெரியுமா? தம்பியின் 'கவனக்குறைவு'. எந்த ப்ராஜெக்டுக்கு எந்த வெர்ஷன் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்காமல் லேப்டாப்பை நீட்டியவர்கள் யாருக்கும் அப்ரைசலில் மதிப்பெண் குறையவில்லை, அவருக்குக் குறைந்தது. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

3.8-க்கான ஆதரவு 2024 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, மேம்படுத்த வேண்டியதுதானே என்றும் சிலர் சொல்வார்கள். சரிதான், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் பைத்தானோடு சேர்ந்தே வந்த, பேக்கேஜ் கட்ட உதவும் டிஸ்ட்யூட்டில்ஸை நம்பியிருக்கும் பழைய லைப்ரரிகள் இருந்தால், 3.12 அதையே நீக்கிவிட்டதால் ஒரே நாளில் மாற முடியாது. அதுவரை இரண்டையும் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் இரண்டு விஷயங்கள். 'டீஃபால்ட் இன்டர்பிரெட்டர் பாத்' செட்டிங்கை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லையென்றால், அந்த ஃபோல்டருக்கு ஏற்கெனவே வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஒருமுறை தேர்ந்தெடுத்த பிறகு அந்த செட்டிங் எடுபடாது. 'கிளியர் வொர்க்ஸ்பேஸ் இன்டர்பிரெட்டர் செட்டிங்' கட்டளையைக் கொடுத்துப் பழைய தேர்வை அழியுங்கள். இன்டர்பிரெட்டரை மாற்றினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினல் பழைய வெர்ஷனிலேயே இருக்கும். அதை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்து வெர்ஷனைக் கேட்டுப் பாருங்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால் கோடு எழுத ஆரம்பிக்கலாம்.