மூளைக்காய்ச்சலுக்குப் பன்றியின் இரத்தத்தை ஏன் சோதிக்கிறார்கள்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செங்குன்றத்துக்கு அப்பால் வயலோரக் கிராமத்தில் இருக்கும் என் நாத்தனார் மகனுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டான், வலது கை மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதன்பின் ஊருக்கு வந்த ஆய்வாளர்கள் பன்றி, ஆடுகளின் இரத்தத்தை எடுத்துச் சென்றார்களாம். மனிதருக்கு வந்த நோய்க்கு விலங்கின் இரத்தம் எதற்கு? எங்கள் பகுதியிலும் கால்வாய்க் கரையில் பன்றிகள் திரிகின்றன, கொக்குகளும் வந்து அமர்கின்றன. பன்றிகளை அப்புறப்படுத்தினால் எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து நீங்குமா? (வாசகி, கொடுங்கையூர்)

பதில்: முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்நோயில் மூளை பாதிக்கப்பட்டுப் பிழைத்தவர்களில் 100க்கு 30 முதல் 50 பேர் வரை, கை கால் பலவீனம், வலிப்பு, பேச்சுக் குறை, நடத்தை மாற்றம் என்று ஏதேனும் ஒன்றோடு வாழ நேர்கிறது. ஆகவே இயன்முறைப் பயிற்சியை எக்காரணம் கொண்டும் பாதியில் நிறுத்திவிட வேண்டாம் என்று உங்கள் நாத்தனாரிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கிருமியின் இயல்பான வாழ்க்கை மனிதரிடத்தில் இல்லை. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளுக்கும், நெல்வயலில் தேங்கிய நீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களுக்கும் இடையே அது ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தச் சுழற்சிக்குள் பன்றி வந்து சேரும்போதுதான் கிருமி பெருகுகிறது. தொற்றிய பன்றி பெரும்பாலும் நோயாளியாகத் தெரியாது. சினைப்பன்றி மட்டும் குட்டிகளைச் செத்தே ஈனக்கூடும். ஆனால் அதன் இரத்தத்தில் சில நாட்களுக்குக் கிருமி மிகுந்த அளவில் ஓடுகிறது. அந்நாட்களில் அதைக் கடிக்கும் கொசுக்கள் கிருமியை ஏந்திச் செல்கின்றன. நோயிலிருந்து மீண்ட பன்றிக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும் என்றாலும், ஆண்டுதோறும் புதிய குட்டிகள் பிறப்பதால் கிருமிக்கு இடம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. மனித இரத்தத்திலோ, இன்னொரு கொசு எடுத்துச் செல்லும் அளவுக்கு இக்கிருமி பெருகுவதில்லை. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு இது பரவாது. நம்மோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது.

விலங்கின் இரத்தத்தைத் தேடிச் செல்வதற்கான காரணம் இங்கேதான் இருக்கிறது. கிருமி தொற்றிய மனிதர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாக வெளிப்படுகிறது. மருத்துவமனைப் படுக்கையில் ஒரு குழந்தையைப் பார்த்த பிறகுதான் கிருமி ஊருக்குள் இருப்பதை அறிவோம் என்றால், அதற்குள் பலரை அது தொட்டிருக்கும். கொசுக்கடியில் நிற்கும் ஆட்டையும் பன்றியையும் முறையாகச் சோதித்து வந்தால், கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் பொருள் அவற்றின் இரத்தத்தில் புதிதாகத் தோன்றுவதைக் கொண்டு, மனிதருக்கு நோய் வருமுன்பே எச்சரிக்கை கிடைக்கும். ஜப்பான் 1965 முதல் பன்றிகளின் இரத்தத்தை இதற்காகச் சோதித்து வருகிறது. தென்னிந்தியக் கிராமங்களில் ஆடுகளைக் கொண்டும் இவ்வகை ஆய்வுகள் நடந்துள்ளன.

மனித மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேளாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1999ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் அங்கே காகங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து விழுந்தன. அதே நேரத்தில் முதியவர்கள் சிலர் மூளைக்காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மனிதரின் நோய்க்கு, அமெரிக்காவில் முன்பே அறிந்திருந்த செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்த டிரேசி மெக்னமாரா அதை ஏற்கவில்லை. செயின்ட் லூயிஸ் கிருமி பறவைகளைக் கொல்வதில்லை; குதிரைகளைத் தாக்கும் வேறொரு மூளைக்காய்ச்சல் என்றாலோ, அதற்கு எளிதில் இரையாகும் ஈமுக்கள் அந்தக் காட்சிச்சாலையில் நலமாகவே இருந்தன. அவருடைய விடாமுயற்சியின் பின்னரே அது, உகாண்டாவில் 1937இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வெஸ்ட் நைல் கிருமி என்பது வெளிப்பட்டது. செத்த காகத்தைக் குப்பையில் எறிந்துவிட்டுப் போகும் நமக்கு அந்த அம்மையாரின் பிடிவாதம் பெரிய பாடம் என்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டு இதை எங்கிருந்தோ வந்த நோய் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவில் இந்நோயாளிகள் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955இல், நம் வேலூரில்தான்.

பன்றிகளைத் துரத்துவது பற்றி: கரையிலிருந்து விரட்டினால் அவை இன்னொரு தெருவுக்கோ, அதைவிட மோசமாக வயலோரத்துக்கோதான் போய்ச் சேரும். கொக்கையும் கொசுவையும் விரட்ட முடியாது. பன்றி வளர்ப்பவர்களும் நம்மைப் போலப் பிழைப்புக்கு உழைப்பவர்களே. அவர்களைப் பகைத்துக்கொண்டு இந்நோயைத் தடுக்க முடியாது. பன்றிகளைத் திரியவிடாமல் குடியிருப்புகளிலிருந்து தள்ளிப் பட்டி அமைத்துக் கொடுப்பதும், பட்டியைச் சுற்றிக் கழிவுநீர் தேங்காமல் பார்ப்பதும், அவ்வப்போது இரத்தச் சோதனை செய்வதுமே பலன் தரும். உங்கள் கால்வாயில் அடர்ந்து வளர்வது பெரும்பாலும் சாக்கடைக் கொசுவாகிய கியூலெக்ஸ் குயின்குபேசியாட்டஸ். யானைக்கால் நோயைப் பரப்புவதில் பெயர் பெற்ற அது, ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு முதன்மைக் கடத்தி அன்று. ஆனால் கொட்டகைக் கழிவுநீரிலும் வளரும் கியூலெக்ஸ் ஜெலிடஸ் என்ற கொசுவிடமும் இக்கிருமி இந்தியாவில் கண்டறியப்பட்டிருப்பதால், வயல் இல்லாத ஊர் என்று முற்றிலும் அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. கிராமத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும்போது கொசுவலையையும் சேர்த்து அனுப்புங்கள். இக்கொசுக்கள் அந்தி சாய்ந்த பிறகே அதிகம் கடிக்கின்றன.

கேள்வி: என் பேத்திக்குக் காய்ச்சலோடு வலிப்பும் வந்தது. இரத்தத்தில் டெங்கு என்று முடிவு வந்த பிறகும், முதுகிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். நாங்கள் பயந்து தாமதித்தோம். அது தேவைதானா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: தேவைதான். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. முதுகில் ஊசி என்றாலே நம் வீடுகளில் பதறுவார்கள். டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், வெஸ்ட் நைல் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்துக் கிருமிகள் என்பதால், ஒன்றுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருள் மற்றொன்றுக்கான சோதனையிலும் தலைகாட்டக்கூடும். மேலும், மூளைக்காய்ச்சல் அறிகுறிகள் தெரியும் நேரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பெரும்பாலும் இரத்தத்தை விட்டு நீங்கியிருக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள நீரில் ஐ.ஜி.எம். என்ற, தொற்றின் தொடக்கத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி. பாக்டீரியாவால் வரும் மூளைச்சவ்வு அழற்சியையும் அதே நீரில்தான் கண்டுபிடிக்கிறார்கள்; அதற்கு உடனே கொடுக்க மருந்து உண்டு என்பதால் அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கட்டுப்படுத்தி உயிரைக் காப்பதே சிகிச்சை. மூளையின் அழுத்தம் அதிகமாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஊசி போடுவார்கள். பயமிருந்தால் அதை மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் மூன்று மாடு வைத்திருக்கிறோம். மாட்டிடமிருந்தோ பாலிலிருந்தோ இந்நோய் வருமா? இதற்குத் தடுப்பூசி உண்டா? (வாசகி, மாதவரம்)

பதில்: பாலால் வராது. மாட்டைக் கொசு கடித்தால் அதற்கும் தொற்று ஏற்படும். ஆனால் கொசுவுக்குத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு மாட்டின் உடலில் கிருமி பெருகுவதில்லை. வயல் கொசுக்கள் பெரும்பாலும் மாட்டு இரத்தத்தையே நாடுவதால், மாடு ஒருவகையில் கிருமியை உறிஞ்சி நிறுத்திவிடுகிறது. மறுபுறம், அதே இரத்தத்தால் கொசுக்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. ஆகையால் கொட்டகை படுக்கையறைச் சுவரை ஒட்டி இருந்தால் தள்ளி அமையுங்கள்.

தடுப்பூசி உண்டு. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூர்ப் பகுதியில் 2005இல் ஏராளமான குழந்தைகள் இறந்த பிறகு, 2006 முதல் இந்நோய் காணப்படும் மாவட்டங்களில் அரசு இதைப் போட்டு வருகிறது. 9 மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என இரண்டு தவணைகள். உங்கள் வீட்டுக் குழந்தை அடிக்கடி வயலோர ஊர்களுக்குப் போய்வரும் என்றால், அதையும் சொல்லி உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்; தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.