பஞ்சாங்கமும் பயமும்

கேள்வி: கிரகணம் எப்போது என்று பஞ்சாங்கம் முன்கூட்டியே சரியாகச் சொல்லிவிடுகிறது. அப்படியானால், கிரகணத்தின்போது கர்ப்பிணிகள் வெளியே வரக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னதும் அறிவியல்தானே?
(மேற்கு மாம்பலம் வாசகர்)

பதில்: இல்லை. நேரத்தைச் சொல்வது கணக்கு. வெளியே வராதே என்பது பயம். ஒரே புத்தகத்தில் அச்சாகிறது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்க முடியாது.

கணக்கு தப்பினால் தெரிந்துவிடும். 1825-இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த எண்களைக் கொண்டே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்தார். வானியலாளர் ஜான் வாரன் அதைப் பதிவு செய்திருக்கிறார். கிரகணம் பிடித்த நேரத்தில் 4 நிமிடம்தான் பிசகு. விட்ட நேரத்தில் ஏறத்தாழ 50 நிமிடம். எழுதிப் பார்க்காமலே அவ்வளவு நெருங்கியது பெரிய வித்தை. ஆனாலும் பிசகை வானம் காட்டிக்கொடுத்துவிட்டது.

பிறகு, நம் நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, வானில் தெரிவதோடு ஒத்துப்போகும்படி திருத்திய கணக்கான திருக்கணித முறையில் பஞ்சாங்கம் வெளியிட்டார். விரதத்தையோ திதியையோ விடச் சொல்லவில்லை. சரியான நேரத்தில் செய்யுங்கள் என்றார். பக்தியும் அறிவியலும் ஒரே மனிதரிடம் இப்படித்தான் குடியிருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். நீங்கள் சொல்லும் தடையை யார், எதோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள்?

2019 டிசம்பர் 26 காலை, எங்கள் தெருவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியைப் பின்கட்டு அறையில் உட்காரவைத்து, ஜன்னலில் பழைய வேட்டியைக் கட்டிவிட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்த சூரிய கிரகணம். ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. வாசலில் வேப்பிலை இடுக்கு வழியாக விழுந்த வெயில் தரையெல்லாம் பிறை பிறையாகக் கிடந்தது. பிள்ளைகள் அதை உள்ளங்கையில் பிடித்து விளையாடினார்கள். "அத்தை, விட்டுடுச்சா?" என்று அவள் உள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கிரகணத்தின்போது சூரியனிலிருந்து புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வெறுங்கண்ணால் பார்த்தால் கண் கெடும். அது எல்லோருக்கும், எல்லா நாளும்தான். குளியுங்கள், கும்பிடுங்கள், கோயிலுக்குப் போங்கள். அது உங்கள் உரிமை. உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், அடுத்த கிரகணத்தில் அவளுக்குத் தண்ணீர் கொடுங்கள், சாப்பாடு போடுங்கள். பார்க்க ஆசைப்பட்டால் ஒரு கிரகணக் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.