முழங்காலில் தொடங்காதீர்கள்: நோ-கி கார்ட் கேள்வி பதில்

இந்த முறை வந்த பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கேள்விகளில் முக்கால்வாசி கார்ட் பற்றியவைதான், அதாவது கீழே இருப்பவர் காலால் எதிராளியைத் தடுத்து ஆடும் நிலை. கி என்பது தடித்த சட்டை-பேன்ட் சீருடை, அது இல்லாமல் ஆடுவது நோ-கி. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

கே: கி போட்டு இரண்டு வருடம் பழகியவன். ஸ்பைடர், லாசோ கார்ட் இரண்டும் நன்றாக வரும். நோ-கியில் இவற்றை எப்படி மாற்றிப் போடுவது? (ஊட்டி)

ப: மாற்ற முடியாது. இரண்டுமே சட்டைக் கையைப் பிடித்து நிற்பவை, சட்டை போனால் அவையும் போயின. டி லா ரீவா (எதிராளியின் முன்னங்காலில் வெளியிலிருந்து காலைக் கொக்கி போடும் கார்ட்) ஓரளவு கூட வரும். பேன்ட்டுக்குப் பதில் குதிகாலைப் பிடிக்க வேண்டும், அதுவும் அங்கேயே தங்குவதற்கு இல்லை, எக்ஸ் கார்டுக்கோ (நிற்பவருக்குக் கீழே புகுந்து இரண்டு காலாலும் கொக்கி போடுவது) அவர் முதுகுக்கோ போகிற வழியில் ஒரு நொடி நிற்கும் இடம், அவ்வளவுதான். கியில் உங்களுக்கு வந்த இடுப்பு அசைவு வீணாகாது. பிடியைத்தான் புதிதாகப் படிக்க வேண்டும்: மணிக்கட்டு, அண்டர்ஹூக் (அவர் அக்குளுக்குள் கை நுழைத்துப் பிடிப்பது), பிடரி, குதிகால்.

கே: க்ளோஸ்ட் கார்டில் எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் காலைப் பூட்டியதும் அவர் நிமிர்ந்துவிடுகிறார். வியர்த்த பிறகு எதுவுமே நிற்பதில்லை. நோ-கிக்கு க்ளோஸ்ட் கார்ட் உதவாதா? (கூடலூர்)

ப: உதவும். பூட்டிய பிறகு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால்தான் உதவாது. பூட்டும்போதே ஒரு கை அவர் பிடரியில், இன்னொரு கை அவர் கையைச் சுற்றி ஓவர்ஹூக். முழங்காலை உங்கள் மார்பை நோக்கி இழுத்தால் அவர் தானாக முன்னால் சரிவார், கையால் மட்டும் இழுத்தால் உங்கள் கைதான் சோர்ந்து போகும். அப்படியும் நிமிர்ந்துவிட்டாரா, அவரோடு சேர்ந்து நீங்களும் எழுந்து உட்காருங்கள், அதுதான் ஹிப் பம்ப். விழாமல் இருக்க அவர் கையைத் தரையில் ஊன்றினால் கிமூரா (தோளை முறுக்கும் பூட்டு), முன்னால் தள்ளிக்கொண்டு வந்தால் கில்லட்டின் (கழுத்தை நெரிக்கும் பிடி). மூன்றும் ஒரே அசைவிலிருந்து வருபவை, சேர்த்தே பழகுங்கள். முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவில் இடம் விடாதீர்கள். இதைக் கீழேயும் சொல்வேன்.

கே: சார், என் கார்ட் வேலை செய்யவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் எழுதவில்லை)

ப: எந்த கார்ட்? எத்தனை மாதமாகப் பழகுகிறீர்கள்? எதிராளி நின்றிருந்தாரா, மண்டியிட்டிருந்தாரா? எந்தப் பக்கமாகக் கடந்தார்? ‘வயிற்றுவலி’ என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பினால் எந்த டாக்டர் மருந்து தருவார்? அடுத்த பயிற்சியில் மூன்று முறை கடந்தார்கள் என்றால் மூன்றையும் எழுதி வையுங்கள், எந்தக் காலை முதலில் தள்ளினார்கள் என்பதோடு. அப்புறம் அனுப்புங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

கே: ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன ஹாலில் பழகுகிறோம். மேட் மொத்தமே பத்துக்கு இருபது அடி. நின்று ஆடினால் சுவரில் மோதிவிடுவோம் என்று இரண்டு பேரும் மண்டியிட்டுத்தான் ரோலிங் (பயிற்சி ஆட்டம்) தொடங்குகிறோம். சரிதானே? (குன்னூர்)

ப: சரியில்லை. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மலையில் நான் பார்த்த சின்னக் குழு ஒவ்வொன்றிலும் இதே பழக்கம்தான். இரண்டு பேர் மண்டியிட்டு ஒருவர் தலையை ஒருவர் பிடித்துத் தள்ளுவது குஸ்தியும் இல்லை, கார்டும் இல்லை. எந்தப் போட்டியும் அப்படித் தொடங்குவதில்லை. பலசாலி தள்ளுவார், மற்றவர் மல்லாக்க விழுவார், விழுந்த இடத்தில் காலை எங்கே வைப்பது என்று தேடுவார். விழுந்த பிறகு கார்டைத் தேடக் கூடாது. உட்காரும்போதே போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்.

இன்னொரு நஷ்டம் இதைவிடப் பெரியது. நோ-கியில் உங்கள் காலைக் கடக்க வருகிறவர் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் வருவார். இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரு பக்கம் வீசிவிட்டு மறுபக்கம் ஓடி வந்து மார்பில் விழுவார். மண்டியிட்டே பழகியவர் அந்த வேகத்தைப் பார்த்திருக்கவே மாட்டார். நானும் அப்போது பார்த்ததில்லை. முதல் இரண்டு வருடம் அப்படிப் பழகிவிட்டு, கீழே சமவெளியில் என் முதல் போட்டிக்குப் போனேன். எதிராளி நின்றார், காலை வீசினார், கடந்தார். எப்படியோ காலை உள்ளே கொண்டு வந்து கார்டை மீட்டேன், மறுபடி வீசினார். ஒரே ஆட்டத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. என் பட்டர்ஃப்ளை கார்ட் (உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் எதிராளியின் தொடைகளுக்குள் கொக்கி போடுவது) அப்போதே நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் போடும் தூரத்துக்கு அவர் வரவே இல்லை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. உங்கள் ஐந்து பேருக்கும் அது நடக்க வேண்டாம்.

பத்துக்கு இருபது தாராளம். ஒருவர் உட்காரட்டும், ஒருவர் நிற்கட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஜோடி, மற்ற மூவரும் சுவரோரம் நின்று, ஆட்டம் அந்தப் பக்கம் வந்தால் நிறுத்தி நடுவுக்குக் கொண்டு வரட்டும். மூன்று நிமிடம், பிறகு ஆள் மாற்றம். உட்கார்ந்தவர் கவிழ்த்தாலோ, ஒரு காலைப் பிடித்தபடி எழுந்து நின்றாலோ அவருக்கு வெற்றி. நிற்பவர் முழங்காலைத் தாண்டி வந்து மார்போடு மார்பு வைத்துவிட்டால் அவருக்கு. உட்கார்ந்தவர் முதுகைத் தரையில் போடக் கூடாது. ஒரு கை பின்னால் ஊன்றியிருக்க, இன்னொரு கை முன்னால் காவல் நிற்க, பிட்டத்தால் நகர்ந்து அவர் முன்னங்காலை நீங்களே தேடிப் போங்கள். உங்கள் கணைக்கால் அவர் கணைக்காலில் ஒட்டியதும் அந்தக் காலைக் கட்டிக்கொள்ளுங்கள். அங்கிருந்து எழலாம், இல்லை சிங்கிள் லெக் எக்ஸுக்குள் (அவர் ஒரு காலை உங்கள் இரண்டு காலாலும் சிக்கவைக்கும் கார்ட்) நுழையலாம். அவர் உங்கள் கணுக்காலைப் பிடித்துவிட்டால் பதறி நேராக இழுக்காதீர்கள், அவர் பலம் முழுக்க அந்தத் திசையில்தான் இருக்கும். பாதத்தை வட்டமாகச் சுழற்றி அவர் கட்டைவிரல் பக்கமாக வெளியே எடுங்கள், பிடி அந்தப் பக்கம்தான் திறக்கும். ஒரு மாதம் இது மட்டும். பிறகு எழுதுங்கள்.

கே: 46 வயது, தேயிலை ஃபேக்டரியில் நாள் முழுக்க நின்று வேலை. இரண்டு முழங்காலும் வலி. பட்டர்ஃப்ளையில் உட்காரவே முடியவில்லை. கார்டையே விட்டுவிடலாமா? (கோத்தகிரி)

ப: விடாதீர்கள் அண்ணா, ஹாஃப் கார்டுக்கு வாருங்கள். ஒருக்களித்துப் படுத்து, மேல் காலின் முழங்காலை அவர் மார்புக்குக் குறுக்கே கேடயம் மாதிரி வையுங்கள், கீழ்க்கால் அவர் காலைச் சுற்றிக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் காப்பாற்றுங்கள்: அவர் கை உங்கள் கன்னத்துக்குக் குறுக்கே வந்து முகத்தைத் திருப்பிவிடக் கூடாது. முகம் திரும்பினால் இரண்டு தோளும் தரையில் ஒட்டும், ஒட்டிவிட்டால் ஹாஃப் கார்ட் முடிந்தது. முழங்கைக்கும் முழங்காலுக்கும் நடுவில் இடம் விடாதீர்கள். லாக்டவுன் (அவர் காலை இரண்டு காலாலும் பின்னிப் பூட்டுவது) பக்கம் போக வேண்டாம், உங்கள் மூட்டுக்கு ஆகாது. வலி ஓய்விலும் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கே: வயது 17. வீடியோ பார்த்து கே-கார்டும் அதிலிருந்து ஹீல் ஹூக்கும் (குதிகாலைத் திருகும் பூட்டு) கற்றுக்கொண்டேன். நண்பர்களிடம் நன்றாக விழுகிறது. அடுத்து என்ன கற்கலாம்? (அருவங்காடு)

ப: தம்பி, முதலில் நிறுத்து. கே-கார்ட் இருக்கட்டும், ஹீல் ஹூக் வேண்டாம். ஆர்ம்பார் (முழங்கைப் பூட்டு) வலித்து எச்சரிக்கும். ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்குள் முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கும். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) நோ-கியில் இதை 2021-இல்தான் அனுமதித்தது, அதுவும் பெரியவர்களில் பிரவுன், பிளாக் பெல்ட்டுகளுக்கு மட்டும். எப்போது டேப் செய்ய (தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள) வேண்டும் என்று தெரியாத நண்பன் மேல் இதைப் போடுகிறாய், அவன் தெரியாமல் தப்பான பக்கம் உருண்டால் ஒரு வருடம் நொண்டுவான். அதே கே-கார்டிலிருந்து ஸ்வீப் (எதிராளியைக் கவிழ்ப்பது) இருக்கிறது, முதுகுக்குப் போகும் வழி இருக்கிறது, அதைப் பழகு. உன் காலை யாராவது பிடித்தால் வலிக்கக் காத்திருக்காதே. மாட்டியதுமே டேப்.

கே: கோயம்புத்தூரில் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், ஏடிசிசி (நோ-கி போட்டி அமைப்பு) விதி என்கிறார்கள். கார்டுக்கு இழுத்து ஆடுவதுதான் என் பாணி. எதைக் கவனிக்க வேண்டும்? (கொடைக்கானல்)

ப: முதலில் விதி. ஏடிசிசியில் முதல் பாதியில் புள்ளி கிடையாது, புள்ளி தொடங்கிய பிறகு தானாகக் கீழே உட்கார்ந்தால் ஒரு புள்ளி குறையும். ஆகவே உட்காருவதானால் முதல் பாதியிலேயே உட்காருங்கள், கையில் பிடியோடு. அங்கே கீழே இருந்து ஜெயிக்க முடியாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மார்செலோ கார்சியா 2003, 2005, 2007, 2011 என நான்கு முறை ஏடிசிசி உலகப் பட்டம் வென்றவர், பட்டர்ஃப்ளையும் எக்ஸ் கார்டும் அவர் ஆட்டத்தின் முதுகெலும்பு.

அடுத்தது வியர்வை, மலைக்காரர்கள் எல்லாரும் மறப்பது. ஏழாயிரம் அடி குளிரில் முதல் பதினைந்து நிமிடம் தோல் உலர்ந்தே இருக்கும், மணிக்கட்டைச் சும்மா பிடித்தாலும் பிடி நிற்கும். கோவையில் வார்ம்-அப் முடிவதற்குள் வழுக்க ஆரம்பித்துவிடும். உங்கள் பயிற்சியில் கடைசி அரைமணி, ரேஷ்கார்ட் (உடம்போடு ஒட்டிய பயிற்சிச் சட்டை) நனைந்து ஒட்டிய பிறகு எது நிற்கிறதோ, அதை மட்டும் நம்பிப் போங்கள். அநேகமாக அது விரல் பிடியாக இருக்காது, அண்டர்ஹூக்கும் கால் கொக்கியுமாகத்தான் இருக்கும்.

கே: மழையில் ரேஷ்கார்ட் காயவே மாட்டேன் என்கிறது. கையில் வட்டமாகப் படர்தாமரை மாதிரி வந்திருக்கிறது, மருந்துக்கடையில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். பயிற்சிக்குப் போகலாமா? (பந்தலூர்)

ப: போகக் கூடாது. கடைக்காரர் தரும் க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். தோல் டாக்டரைப் பாருங்கள், அவர் சரி என்ற பிறகு வாருங்கள். இரண்டு மூன்று ரேஷ்கார்ட் வைத்துக்கொள்ளுங்கள், ஈரத்தை மறுநாள் மாட்டாதீர்கள்.

கே: மகளுக்கு 12 வயது, 32 கிலோ. அவள் வகுப்பில் எல்லாரும் பையன்கள், அவளைவிட எடை அதிகம். கார்ட் அவளுக்குப் பயன்படுமா? (வெலிங்டன்)

ப: அவளுக்குத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். 45 கிலோ பையனை அவள் கையால் தள்ள முடியாது, இரண்டு பாதத்தையும் அவன் இடுப்பில் வைத்துத் தள்ள முடியும். பாதம் இடுப்பில், கை மணிக்கட்டில், தள்ளு, எழு, விலகு. ஆறு மாதத்துக்கு இது போதும். கழுத்தைத் திருகும் எதுவும் இந்த வயதில் வேண்டாம். வகுப்பில் குழந்தைகளை மண்டியிட்டுத் தொடங்கச் சொன்னால், குன்னூர்க்காரர்களுக்கு மேலே எழுதியதைப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.