கேள்வி–பதில்: கென்யாவில் சீட்டும் சம்பந்தமும் சோளக்களியும்

நைரோபிக்கு மாற்றலாகிப் போகிறவர்கள், கென்யரோடு ஒரே வேலையிடத்தில் இருப்பவர்கள், சம்பந்தம் பேசப் புறப்படும் ஒரு குடும்பம் என்று இம்மாதக் கேள்விகள் பல திசையிலிருந்து வந்தன. சிங்கம் பார்க்க எந்த மாதம் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்கவும். அதைச் சொல்லப் பயண முகவர்கள் ஏராளம்.

கேள்வி: கணவருக்கு நைரோபியில் இரண்டாண்டு வேலை, நானும் உடன் போகிறேன். அங்கே பெண்கள் "சாமா" என்ற சேமிப்புக் குழுவில் சேரச் சொல்கிறார்கள். நம் சீட்டு மாதிரிதானா? நம்பிச் சேரலாமா? (வாசகி, யீஷூன்)

குலுக்கல் சீட்டேதான். ஏலமும் தள்ளுபடியும் பொதுவாகக் கிடையாது. 12 பேர் ஆளுக்கு மாதம் 5,000 ஷில்லிங் (ஏறக்குறைய 50 சிங்கப்பூர் வெள்ளி) போட்டால், மாதம் ஒருவர் கையில் 60,000 ஷில்லிங் சேரும். யாருக்கு எந்த மாதம் என்பதை முதல் கூட்டத்திலேயே சீட்டெடுத்துத் தீர்த்துவிடுவார்கள். ஜனவரியில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர் இன்னொருவரோடு முறை மாற்றிக்கொள்வதும் உண்டு.

பல குழுக்கள் இதோடு நிற்பதில்லை. பணத்தில் ஒரு பங்கைப் பொது இருப்பாக வைத்து, அதே கூட்டத்தில் உறுப்பினருக்கே கடன் கொடுப்பார்கள். மேசையில் விழும் பணம் மேசையைவிட்டு எழுந்திருக்கும் முன்பே கடனாகப் போய்விடும். அதனால்தான் இதற்கு "டேபிள் பேங்கிங்" என்று பெயர். வட்டி மாதம் 10 விழுக்காடு வரைகூடப் போகும். கேட்டால் தலை சுற்றும். ஆனால் அந்த வட்டி ஆண்டு முடிவில் உறுப்பினருக்கே பிரித்துக் கொடுக்கப்படுகிறது. கடன் வாங்காமல் போட்டுக்கொண்டே இருப்பவருக்குத்தான் இதில் லாபம்.

குழு உடைவதற்கு வழக்கமான காரணம், முதல் இரண்டு மூன்று மாதங்களில் பணம் எடுத்தவர் பிறகு காணாமல் போவது. புதிதாக வருகிறவருக்குக் கடைசி முறைகளில் ஒன்றைத் தருவது இதனால்தான். அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த காரணம் பொருளாளர். பணமெல்லாம் அவருடைய சொந்தக் கைபேசிக் கணக்கில் கிடந்தால், அவர் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தாலும் குழு ஆட்டம் கண்டுவிடும். சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: எழுதிய விதிமுறை உண்டா, குழு பெயரில் வங்கிக் கணக்கு உண்டா, பணம் எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டுமா. மூன்றுக்கும் "ஆம்" வராவிட்டால், கைவிட்டுப் போனாலும் தூக்கம் கெடாத தொகையோடு நின்றுகொள்ளுங்கள்.

உங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. ஓரளவு பணம் சேர்ந்ததும் பெரும்பாலான சாமாக்கள் நிலம் வாங்கப் பார்க்கும். கென்யாவின் 2010 அரசமைப்புச் சட்டப்படி, குடிமகன் அல்லாதவர் நிலத்தை அதிகபட்சம் 99 ஆண்டுக் குத்தகையாகத்தான் வைத்திருக்கலாம். ஒரு நிறுவனத்தில் எல்லாப் பங்கும் குடிமக்களிடம் இருந்தால்தான் சட்டம் அதைக் குடிமகனாகக் கருதும். சாமா நிறுவனமாகப் பதிவாகி நிலம் வாங்கும்போது நீங்களும் அதில் பங்குதாரர் என்றால், உங்கள் ஒருவரால் மற்றவர்களின் முழு உரிமை குத்தகையாகச் சுருங்கும். சேமிப்பு, கடன் வரை உடனிருங்கள். நிலப் பேச்சு தொடங்கும் அன்றைக்கு உங்கள் பங்கை எடுத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

கேள்வி: மகன் கென்யாவின் கிகூயு இனப் பெண் ஒருத்தியை மணக்கப் போகிறான். நாங்கள் நேரில் வந்து பேச வேண்டுமாம், ஆடு கொடுக்க வேண்டுமாம். நாங்களோ சைவம். எதைக் கொண்டு போவது, யார் பேசுவது? (வாசகர், உட்லண்ட்ஸ்)

முதலில் ஒரு பேச்சாளரைப் பிடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு. கிகூயு மொழி தெரிந்த, வயதில் மூத்த, பழமொழியும் சிலேடையும் நாவில் புரளும் ஒருவர் உங்கள் தரப்பில் இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை அன்று வாய் திறப்பதில்லை. பெற்றோரும் நேரடியாகப் பேரம் பேசுவதில்லை. மகனின் கென்ய நண்பர்களுடைய தந்தை, பெரியப்பா யாரையாவது கேட்டால் மகிழ்ந்து வருவார்கள்.

முதல் சந்திப்பு, வீட்டை அறிந்துகொள்வதற்கு மட்டும். சர்க்கரை, தேயிலை, கோதுமை மாவு, சமையல் எண்ணெய் என்று மளிகை கொண்டுபோவது முறை. இதையெல்லாம் நைரோபியிலேயே வாங்கிக்கொள்ளலாம். இங்கிருந்து சுமக்க வேண்டாம். அடுத்த கட்டத்தில் ஒரு பெண் செம்மறியும் ஒரு பெண் வெள்ளாடும் கொடுத்துப் பெண்ணை "நிச்சயம்" செய்கிறார்கள். அதன்பின் வருவது ருராசியோ, அதாவது பரிசம். எத்தனை ஆடு என்று எண்ணிப் பேசினாலும் இன்று பெரும்பாலும் பணமாகவே கைமாறுகிறது. ஓர் ஆட்டுக்கு எவ்வளவு என்பதை அந்த நாளுக்கு முன்பே இரு பேச்சாளர்களும் தொலைபேசியில் பேசி முடித்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் கூடாரத்தில் விருந்தினர் பசியோடு காத்திருக்க, உள்ளே மூன்று மணி நேரம் பேரம் ஓடும். மாமியாருக்குப் போர்வை, மாமனாருக்குக் கோட்டு என்பதும் பரிசத்தில் சேரும். வீட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி கேட்கும் குடும்பங்களும் உண்டு.

வசதி இருக்கிறதே என்று முழுத் தொகையையும் ஒரே நாளில் எண்ணி வைக்காதீர்கள். நம்மவர்கள் பெருமையாக நினைத்துச் செய்யக்கூடிய காரியம் இது. அங்கே "கணக்குத் தீர்ந்தது, இனி உறவில்லை" என்று பொருள்படும். கொஞ்சம் பாக்கி இருப்பதுதான் மரியாதை. வாசலில் பெண் வீட்டுப் பெண்கள் கதவை அடைத்துக் காசு கேட்பார்கள், போர்த்தி நிற்கும் பெண்களுக்குள் மணப்பெண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள், தவறினால் அபராதம். எல்லாம் விளையாட்டு. சில்லறை நோட்டுகள் நிறைய வைத்திருங்கள்.

கடைசிச் சடங்கான ஙுராரியோவில், சுட்ட ஆட்டின் முன்னங்கால் சப்பையை மாப்பிள்ளை வெட்டி, இருவரும் ஒருவருக்கொருவர் ஊட்டுவார்கள். சைவம் என்பதைப் பேச்சாளர் மூலம் வெகு முன்னதாகச் சொல்லிவிடுங்கள். வெட்டுவது சடங்கின் உயிர், அதைத் தவிர்ப்பது கடினம். உண்பதில் விட்டுக்கொடுக்கப் பெரும்பாலானோர் இணங்குவார்கள். அன்றைக்கு மேடையில் மறுத்தால்தான் மனத்தாங்கல்.

சட்டப் பக்கத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். 2014 திருமணச் சட்டம் கிறிஸ்துவ, சிவில், மரபுவழி, இந்து, இஸ்லாமியத் திருமணங்கள் ஐந்தையும் ஏற்கிறது. பரிசம் தேவைப்படும் மரபில் அடையாளத் தொகை கொடுத்தாலே போதும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மரபுவழித் திருமணத்தைச் சடங்கு முடிந்து மூன்று மாதத்துக்குள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். இந்த வகை, பலதார மணத்துக்கு இடம் தரும் திருமணமாகக் கருதப்படுவதால், சிங்கப்பூரில் வாழப்போகும் தம்பதிக்குச் சிவில் பதிவே பாதுகாப்பு. அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். விமானச் சீட்டு வாங்கும்போதே கணக்கில் வையுங்கள்.

பேரப்பிள்ளை பிறந்தால் பெயருக்குச் சண்டை வராது. கிகூயு வழக்கப்படி முதல் பையனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் பையனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர். பெண்களுக்கும் அப்படியே பாட்டிமார் பெயர்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் லுவோ இனத்தவர் ஒருவரின் தாயார் ஊரில் காலமானார். இறுதிச் சடங்குக்கு இரண்டு வாரம் ஆகுமாம், பெருந்தொகை திரட்டுகிறார்கள். ஏன்? நாங்கள் என்ன செய்யலாம்? (வாசகி, தெம்பனிஸ்)

நகரத்தில் இறந்தாலும் சொந்த ஊர் மண்ணில், குடும்ப வளாகத்துக்குள் புதைப்பதுதான் லுவோ வழக்கம். மணமான பெண்ணுக்குக் கணவர் வீட்டு வளாகம். நைரோபியிலிருந்து கிசுமு, சியாயா பக்கம் உடலைக் கொண்டுபோகும் வண்டி, பிணவறையின் நாள்வாடகை, சவப்பெட்டி, கூடாரம், ஒலிபெருக்கி, நூற்றுக்கணக்கானோருக்குச் சாப்பாடு என்று செலவு ஏறும். எல்லாரும் வந்துசேர வசதியாகப் பெரும்பாலும் சனிக்கிழமை வைப்பார்கள். அதுவரை மாலைதோறும் குழுக்கூட்டம் நடக்கும். முன்பு அட்டை அச்சடித்துத் திரட்டினார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவில் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் நாளுக்கு நாள் நீளும். சிறு தொகை போட்டாலும் உங்கள் பெயர் அதில் வரும். அலுவலகத்தின் பெயரில் ஒரே தொகையாக அனுப்புவது நல்லது. குடும்பம் அறிவித்த எண்ணுக்கு மட்டும் அனுப்புங்கள். எங்கிருந்தோ கைமாறி வந்த செய்தியில் உள்ள எண்ணுக்கு வேண்டாம்.

இந்த வழக்கத்தின் பிடி எவ்வளவு இறுகியது என்பதற்கு நாடே பார்த்த வழக்கு ஒன்று உண்டு. எஸ்.எம். ஒட்டியெனோ என்ற நைரோபி வழக்கறிஞர் 1986 டிசம்பரில் இறந்தார். அவர் மனைவி வம்புயி, கிகூயு இனத்தவர். நைரோபிக்கு அருகே தங்கள் நிலத்தில் புதைக்க விரும்பினார். கணவரின் குலத்தார் எதிர்த்து வழக்காடினர். ஐந்து மாதம் உடல் பிணவறையில் கிடந்தது. 1987 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் குலத்தார் பக்கம் தீர்ப்பளிக்க, அவர் நியால்குங்கா கிராமத்தில் புதைக்கப்பட்டார். ஊர் மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்ற பிடி இன்று கென்யாவில் பொதுவாகவே கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. நோபெல் பரிசு பெற்ற, கிகூயு இனத்தவரான வங்காரி மாத்தாயின் உடல் 2011ல் அவர் விருப்பப்படி நைரோபி கரியோக்கோர் சுடுகாட்டில் எரியூட்டப்பட்டது. அது இந்துச் சமூகத்தார் நடத்தும் இடம்.

கேள்வி: உகாலி என்ற கென்யச் சோளக்களி செய்து பார்த்தேன், பசையாகிவிட்டது. எங்கே பிழை? (வாசகி, புக்கிட் பாத்தோக்)

மாவில். நம் பேரங்காடிகளில் "சோளமாவு" என்று பொட்டலத்தில் கிடைப்பது குழம்பைக் கெட்டியாக்கும் மாவுச்சத்து. உகாலிக்கு வேண்டியது வெள்ளை மக்காச்சோளத்தை முழுதாக அரைத்த மாவு. தேக்கா பக்கம் இந்திய மளிகைக் கடைகளில் ரொட்டிக்கு விற்கும் மஞ்சள் மக்காச்சோள மாவும் சரிவரும், சுவை சற்று இனிக்கும். ரவை போன்ற பொலெண்டா வேண்டாம்.

நான்கு பேருக்கு 1 லிட்டர் தண்ணீர், 450 முதல் 500 கிராம் மாவு. உப்பு போடுவதில்லை. தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் ஒரு கைப்பிடி மாவைத் தூவிக் கலக்குங்கள். மறுபடி கொதி வந்தபின் மீதியைக் கொட்டி, அரை நிமிடம் கிளறாமல் விடுங்கள். அடியிலிருந்து தண்ணீர் மாவைப் பிளந்துகொண்டு மேலே வரும். பிறகு களி கிண்டும் துடுப்பால் பாத்திரத்தின் பக்கவாட்டில் அழுத்தி அழுத்திக் கிண்ட வேண்டும். வட்டமாகச் சுழற்றினால் கட்டி உடையாது. 8 முதல் 10 நிமிடம். பக்கங்களை விட்டு உருண்டு வந்து, சோளம் வறுபடும் மணம் எழுந்ததும் தீயைக் குறைத்து, மூடி 3 நிமிடம் வைத்துத் தட்டில் கவிழ்த்துவிடுங்கள். பச்சை வாடை அடித்தால் நேரம் போதவில்லை என்று அர்த்தம். மாவைக் கூட்டுவது அதற்கு மருந்தல்ல.

தொட்டுக்கொள்ள சுகுமா கீரை. இங்கே கைலான் இலையைத் தண்டு நீக்கி, நூலாக நறுக்கி, வெங்காயம் தக்காளி வதங்கியதும் போட்டு 5 நிமிடத்தில் இறக்குங்கள். மூடி வைத்தால் நிறம் போய்விடும். கையால் கிள்ளி உருட்டி, கட்டைவிரலால் குழி அழுத்தி, அதில் கீரையை அள்ளுவதுதான் முறை. கரண்டி தேட வேண்டாம்.

கேள்வி: பத்து நாள் போகிறேன். ரொக்கம் எவ்வளவு வேண்டும்? (வாசகர், ஜூரோங்)

கொஞ்சம் போதும். 2007ல் தொடங்கிய எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை இன்று காய்கறிக்காரரிலிருந்து மட்டாட்டு சிற்றுந்து வரை ஓடுகிறது. கடப்பிதழைக் காட்டிச் சிம் அட்டை வாங்கி, அங்கேயே எம்-பெசாவைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தெருமுனை முகவரிடம் ரொக்கம் கொடுத்தால் கணக்கில் ஏறும். கடையில் "டில்" எண்ணா, "பேபில்" எண்ணா என்று கேளுங்கள். பேபில் என்றால் கணக்கு எண்ணும் சேர்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். இரகசிய எண் போட்டபின் பெறுபவர் பெயர் திரையில் வரும். அவசரத்தில் பார்க்காமல் விடுவதால்தான் பணம் தவறிப் போகிறது. தவறினால் உறுதிச் செய்தியை உடனே 456க்கு அனுப்புங்கள். எதிராளி அதற்குள் எடுத்துவிட்டால் சிரமம். "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பித் தாருங்கள்" என்று யாராவது அழைத்தால், முதலில் உங்கள் இருப்பைப் பாருங்கள். பெரும்பாலும் பணமே வந்திருக்காது.

கேள்வி: வண்டியோட்டி "இரண்டு மணிக்கு வருகிறேன்" என்று சுவாஹிலியில் சொல்லிக் காலை எட்டுக்கு வந்து நிற்கிறாராமே? (வாசகர், செங்காங்)

சரியாகத்தான் வந்திருக்கிறார். சுவாஹிலியில் மணி எண்ணுவது விடியலிலிருந்து. நிலநடுக்கோட்டு நாடு, ஆண்டு முழுவதும் விடியல் ஆறரையை ஒட்டியே. ஆகவே காலை 6ஐத் தொடக்கமாக வைத்து எண்ணுகிறார்கள்; காலை 7 அங்கே 1 மணி. முள் கடிகாரத்தில் மணிமுள்ளுக்கு நேர் எதிரே உள்ள எண்ணைப் படித்தால் போதும். ஆங்கிலத்தில் பேசினால் நம் கணக்குத்தான். சந்தேகம் இருந்தால் நேரத்தைக் கைபேசியில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: துணிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டியில் வைக்கலாமா? (வாசகி, பீஷான்)

கூடாது. 2017 ஆகஸ்ட் 28 முதல் கடைகளில் தரும் வகைப் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. தண்டனை 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம் அல்லது நான்காண்டு வரை சிறை. பயணிகளை அந்த அளவுக்குத் துரத்துவதில்லை, ஆனால் விமான நிலையத்தில் பையைப் பிடுங்கிக்கொள்வார்கள். சாங்கியில் தீர்வையற்ற கடைப் பையையும் இறங்குமுன் காலி செய்துவிடுங்கள். தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர்ப் போத்தலும் 2020 ஜூன் முதல் உள்ளே விடமாட்டார்கள். எஃகுப் போத்தல் ஒன்று எடுத்துப் போங்கள்.