எம்3 கத்தி எம்8ஏ1 உறைக்குள் இருந்தால் போலியா?

கேள்வி: பழைய பொருள் கடையில் தோல் பிடி போட்ட ராணுவக் கத்தி ஒன்று வாங்கினேன். பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள கைக்காப்பில் ‘யு.எஸ். எம்3 கேமிலஸ்’ என்றும், பச்சைப் பிளாஸ்டிக் உறையின் வாயில் ‘யு.எஸ். எம்8ஏ1’ என்றும் பொறித்திருக்கிறது. எண்கள் ஒத்துப்போகவில்லையே, போலியா? துருவைத் தேய்த்து எடுக்கலாமா?

பதில்: எண்கள் வேறாக இருப்பதில் தவறில்லை. அமெரிக்க ராணுவம் கத்திக்கு ஓர் எண்ணும் உறைக்கு வேறோர் எண்ணும் கொடுத்தது. சந்தேகம் வரவேண்டிய இடம் வேறு.

எம்3 கத்தியின் தயாரிப்பு 1943 மார்ச்சில் தொடங்கி 1944 ஆகஸ்டோடு நின்றுபோனது. முதலில் வந்தவற்றில் கேமிலஸ் போன்ற தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் அலகிலேயே இருக்கும். பிறகு ஆண்டை விட்டுவிட்டார்கள். கடைசியில் முத்திரையையே கைக்காப்புக்கு மாற்றினார்கள். ஆகவே உங்களுடையது பிற்பகுதித் தயாரிப்பு. முத்திரை மங்கலாக இருந்தால் இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் பாதி எழுத்து தெரியாது.

இப்போது அளவு. அலகு 6¾ அங்குலம், அதாவது 17 செ.மீ.க்குச் சற்று மேல். கணிசமாகக் குறைந்தால் முனை உடைந்து மறுபடி சாணை பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். விலையும் அதற்கேற்ப இறங்கவேண்டும். கைக்காப்பை நன்றாகக் கவனியுங்கள். எம்3க்கு அடுத்து வந்த எம்4 என்ற செருகுகத்திக்கும் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) இதே அலகுதான். ஆனால் கைக்காப்பில் குழல் நுழையும் வளையமும், பிடியின் அடியில் பூட்டும் உண்டு. அந்த வளையத்தை அறுத்து ‘எம்3’ என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அரத்தின் கீறல், அங்கே மட்டும் பளபளப்பு, இரண்டும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

உறைதான் அதிகம் குழப்பும். எம்3க்கு முதலில் வந்தது தோலாலான எம்6. அடுத்தது பிளாஸ்டிக் எம்8; அதை இடுப்புவாரில் கோத்துக்கொள்ளத்தான் முடியும். வாரின் துளையில் மாட்டுவதற்குக் கம்பிக் கொக்கி சேர்த்தபோது எம்8ஏ1 ஆனது. இந்த உறையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் பல ஆண்டுகள் வேறு செருகுகத்திகளுக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். எனவே எம்8ஏ1 உறையை வைத்துக் கத்தியின் வயதைச் சொல்ல முடியாது. உறையின் உலோக வாயில் தயாரிப்பாளர் முத்திரை ‘பி.எம். கோ.’ என்றிருந்தால் போர்க்காலத்ததாக இருக்க வாய்ப்புண்டு, ‘பி.டபிள்யு.எச்.’ என்றால் போருக்குப் பிந்தையது, கத்தியோடு பின்னாளில் சேர்ந்தது.

துருவுக்கு உப்புத்தாள், மெட்டல் பாலிஷ் இரண்டும் வேண்டாம். அலகின் கருமையான மேற்பூச்சு போய்விட்டால் திரும்ப வராது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் ஊறவைத்து, பருத்தித் துணியால் துடையுங்கள். பிடியின் தோல் வளையங்களில் எண்ணெய் பட்டால் அவை மெத்தென்று ஊறித் தளர்ந்துவிடும், அங்கே மெழுகு மட்டும் மெல்லப் பூசலாம். வளையங்கள் சுருங்கி ஆடினாலும் பிடியைக் கழற்றிப் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் கத்தியை உறைக்கு வெளியே வையுங்கள்.